பாட்டுப் புத்தகமும் நாட்டு வரலாறும்
(பழனியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பேச நான் எடுத்துக்கொண்ட பொருள், நாடகப் பாட்டும் சினிமாவும், அவற்றைக் காத்து ஆராய்ந்தவர்களும். கோயில் நகரத்தில் வந்து கூத்தைப் பற்றிப் பேசுவதா என்று யாரும் முகம் சுளிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கோயில் இருந்த இடத்தில்தான் கூத்தும் இருந்தது. என் கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு நாட்டின் வரலாற்றை எழுத உட்காருகிறவருக்கு முன்னால் கல்வெட்டுப் படிகளும் அரசாங்கக் கோப்புகளும் இருந்தால் போதுமா? அல்லது நாடக நோட்டீசும், சினிமாப் பாட்டுப் புத்தகமும், கீறல் விழுந்த இசைத்தட்டும் இருந்தாக வேண்டுமா? இருந்தாக வேண்டும் என்பது என் வாதம். அவை இல்லாமல் எழுதப்படும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழக வரலாறு பாதி வரலாறு என்பது என் வாதம். அந்தத் தாள்கள் அலமாரியில் கிடப்பதால் மட்டும் வரலாறு ஆகிவிடாது, கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் அவற்றைத் திறக்க வேண்டும் என்பதும் அதே வாதத்தின் மறுபாதி. இந்த இரண்டு பாதிக்கும் சான்றாக ஒருவரை உங்கள் முன் வைக்கப் போகிறேன். அவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். தாராபுரத்தில் 1940-இல் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன்.

அவரிடம் போவதற்கு முன், பழனி மக்கள் நன்றாக அறிந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் இன்று மலையடிவாரத்திலும் ஒலிக்கிறது, மலை மேலும் ஒலிக்கிறது. அவர் பாடியவை பதினாறாயிரம் என்று மரபு சொல்கிறது. நம் கைக்கு வந்திருப்பவையோ ஏறக்குறைய 1,300. அந்த 1,300-ம் எப்படி வந்தன? தாமாகவா வந்தன? வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்ற மாவட்ட முன்சீப் ஊர் ஊராகத் தேடினார். ஏடுகளைத் திரட்டினார், ஒப்புநோக்கினார், 1894-இல் முதற்பகுதியை அச்சில் ஏற்றினார். நீதிமன்ற வேலை பார்த்துக்கொண்டே செய்த பணி இது. அவர் தேடாமல் விட்டிருந்தால் 1,300 என்பது இன்னும் எவ்வளவு சுருங்கியிருக்கும்? பக்திப் பாட்டுக்கே இந்தக் கதி என்றால், ஒரு பருவம் பாடப்பட்டு மறுபருவம் மறக்கப்படும் மேடைப் பாட்டின் கதி என்ன? தெய்வத்தின் பெயரைத் தாங்கிய பாட்டையே தேடித்தான் காக்க வேண்டியிருந்தது என்றால், ராஜபார்ட்டும் பபூனும் பாடியதை யார் தேடினார்கள்?

அதைத் தேடியவர்களில் தலையாய ஒருவர் தியடோர் பாஸ்கரன். அவர் 1964-இல் இந்திய அஞ்சல் பணியில் சேர்ந்தார். தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவர் பதவி வரை உயர்ந்தார். அந்தப் பணிச் சுமைக்கு நடுவில் ஆவணக் காப்பகக் கோப்புகளைப் புரட்டினார், பழைய இதழ்களைப் படித்தார், உயிரோடிருந்த நாடக, சினிமாக் கலைஞர்களைத் தேடிப்போய்ப் பேட்டி கண்டார். அதன் விளைவாக 1981-இல் சென்னை க்ரியா பதிப்பகத்திலிருந்து ஓர் ஆங்கில நூல் வந்தது. ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ என்று அதற்குப் பெயர். 1880 முதல் 1945 வரை தென்னிந்தியாவில் நாடகம், பாட்டு, சினிமா ஆகியவற்றுக்கும் தேசிய அரசியலுக்கும் இருந்த உறவை ஆராய்ந்த நூல் அது. பின்னர் 1996-இல் தமிழ் சினிமா வரலாற்றைச் சொல்லும் ‘தி ஐ ஆஃப் தி சர்ப்பெண்ட்’ வந்தது. சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதை அது பெற்றது. தமிழிலும் ‘எம் தமிழர் செய்த படம்’ உட்படப் பல நூல்களை எழுதினார். ஓய்வுக்குப் பிறகு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் இயக்குநராகவும் இருந்தார். சினிமாவைப் பற்றி அவருக்கு முன்னும் எழுதினார்கள், பின்னும் எழுதினார்கள். நடிகர் யார், நடிகை யார், படம் எத்தனை நாள் ஓடியது என்று எழுதினார்கள். அவர் கேட்ட கேள்வி வேறு. இந்தப் பாட்டை யார், யாருக்கு, எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் கண்ணெதிரே பாடினார்கள் என்று கேட்டார். கேள்வி மாறியதும் பழைய தாளிலிருந்து புதிய வரலாறு வெளிவந்தது.

என்ன புதிய வரலாறு? தமிழ்நாட்டில் சினிமாவும் அரசியலும் கைகோத்தது எப்போது என்று நம்மில் பலரிடம் கேட்டால், திராவிட இயக்க மேடையையும், 1949-க்குப் பிந்தைய திரை வசனங்களையும்தான் சொல்வோம். அது பொய்யில்லை, ஆனால் முழுக் கதையும் இல்லை. கலைஞர்கள் அரசியல் மேடைக்கு வந்தது அதற்கு முப்பது ஆண்டு முன்பே தொடங்கிவிட்டது என்பதைப் பாஸ்கரன் சான்றோடு காட்டினார். 1919-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. அதன் பிறகு தமிழ் நாடக மேடையின் குரலே மாறியது. புராண நாடகத்தின் இடையே தேசியப் பாட்டு நுழைந்தது. தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘கதரின் வெற்றி’ போன்ற நாடகங்கள் நேரடியாகவே அரசியல் பேசின. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டுகள் மேடையில் பிறந்து, இசைத்தட்டில் ஏறி, தெருவில் நடந்தன. செய்தித்தாள் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சிலராக இருந்த காலம் அது. படிக்கத் தெரியாத பெருங்கூட்டத்துக்குக் காந்தியின் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எது? தலையங்கமா? தீர்மானமா? பாட்டு என்கிறார் அவர். ஆர்மோனியக் கட்டையோடு வந்த பாட்டு.

இதற்கு முருகன் சந்நிதியில் சொல்லத்தக்க சான்று ஒன்று உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் உங்களுக்குத் தெரியாத நாடகமா? திண்டுக்கல், நத்தம், மதுரை வட்டாரத்துத் திருவிழாக்களில் இன்றும் இரவு தொடங்கி விடியும் வரை ஸ்பெஷல் நாடகமாக நடப்பதுதானே? அதில் வள்ளி தினைப்புனத்தில் நின்று பறவைகளை ஓட்டும் காட்சி வரும். அந்தக் காட்சியில் ஒரு வெள்ளைக் கொக்கு வந்தது. பாட்டில் அந்தக் கொக்கை விரட்டினார்கள். கொக்கு யார் என்று மேடையில் யாரும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் வெள்ளைக்காரன் முகம் தெரிந்தது. இப்படிப்பட்ட பாட்டுகளைப் பாடியே சிறைக்குப் போனவர் தியாகி விஸ்வநாத தாஸ். சிவகாசியில் 1886-இல் பிறந்தவர். மேடையிலிருந்து கைது, விடுதலை, மீண்டும் மேடை, மீண்டும் கைது என்று வாழ்ந்தவர். 1940 டிசம்பர் 31-ஆம் நாள் சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்தது. முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. இந்த வாழ்க்கையை எழுதச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு உதவுமா? மாநாட்டுத் தீர்மானம் உதவுமா? நாடகத்தின் பாடமும், நோட்டீசும், உடன் நடித்தவர் நினைவும், போலீஸ் கோப்பும் சேர்ந்தால்தான் இந்த வாழ்க்கை துலங்கும்.

இங்கே முதல் மறுப்பு எழும். “ஐயா, கூத்தும் சினிமாவும் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கைப் போய் வரலாற்றுச் சான்று என்று தூக்கி வைக்கலாமா?” என்று கேட்பார்கள். பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தன. இதற்கு நான் பதில் சொல்வதைவிட, அன்றைய ஆங்கில அரசாங்கமே பதில் சொல்லட்டும். வெறும் பொழுதுபோக்கு என்றால் 1876-இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் எதற்கு? 1918-இல் சினிமாச் சட்டம் எதற்கு? 1920-இல் சென்னையில் தணிக்கைக் குழு அமைத்து, அதைப் போலீஸ் கமிஷனர் பொறுப்பில் விட்டது எதற்கு? 1927-இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் திரைப்பட விசாரணைக் குழு ஒன்றை நியமித்து, நாடு முழுதும் சாட்சியம் வாங்கித் தொகுதி தொகுதியாக அச்சிட்டது எதற்கு? ஆள்கிறவனுக்கு அச்சம் தராத ஒன்றுக்கு அவன் சட்டம் போட மாட்டான், குழு அமைக்க மாட்டான், மேடைப் பாடகனைச் சிறையில் தள்ள மாட்டான். அன்றைய அரசாங்கம் நாடகப் பாட்டின் வலிமையைச் சரியாக எடை போட்டிருந்தது. எடை போடத் தவறியவர்கள் பிற்கால வரலாற்று ஆசிரியர்கள்தாம்.

சரி, சான்று என்று ஒப்புக்கொண்டோம். அந்தச் சான்று எங்கே இருக்கிறது? இங்கேதான் நெஞ்சு பதறுகிறது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வதம்’ சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்தது. அதன் படச்சுருள் இன்று இல்லை. அது வெளிவந்த ஆண்டையே 1916 என்பார், 1917 என்பார், 1918 என்பார் உண்டு. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-இல் வந்தது. எச்.எம். ரெட்டி இயக்க, டி.பி. ராஜலட்சுமி நடித்தார். அந்தப் படமும் இல்லை. ஏன் இல்லை? அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், நம் ஊர் வெயிலில் தானாகவே சிதையும். ஓடி முடிந்த படத்துக்குச் சந்தையில் விலை இல்லை, சுருளில் பூசிய வெள்ளிக்கு விலை இருந்தது. ஆகவே வெள்ளிக்காகப் படங்களைக் கரைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தைக் காக்க அன்று ஓர் ஏற்பாடும் இல்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964-இல். முதல் பேசும்படத்துக்கும் அதற்கும் இடையே 33 ஆண்டுகள். அத்தனை ஆண்டுப் படங்களும் வாரிசில்லாச் சொத்தாகக் கிடந்தன. அந்தக் காப்பகத்தைக் கட்டி வளர்த்த பி.கே. நாயர் சுருள் சுருளாகத் தேடிச் சேர்த்தார். சேர்த்து வைத்ததும் நிலைக்கவில்லை. 2003 ஜனவரியில் அங்கே மூண்ட தீயில் 600-க்கும் மேற்பட்ட படங்களின் நைட்ரேட் சுருள்கள் எரிந்துபோயின.

படம் போயிற்று. ஆனால் பாட்டுப் புத்தகம் இருக்கிறது! இதை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற மெல்லிய புத்தகம் அது. கதைச் சுருக்கம் இருக்கும், நடிகர் பட்டியல் இருக்கும், பாட்டு முழுதும் இருக்கும். முடிவை மட்டும் சொல்லாமல், மீதியை வெள்ளித்திரையில் பார்க்கச் சொல்லி நிறுத்தியிருக்கும். அச்சாகும் எந்தப் புத்தகத்தையும் அரசிடம் பதிவு செய்து படி கொடுக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. படச்சுருளைக் கொடுக்கச் சொல்லும் சட்டம் இருக்கவில்லை. ஆகவே பல்லாயிரம் ரூபாய் செலவில் எடுத்த படம் மறைந்தது, அதைப் பற்றிய அணாப் புத்தகம் மிஞ்சியது. அந்தப் புத்தகங்களிலிருந்து என்ன தெரிகிறது? காளிதாஸ் படத்தில் பாஸ்கரதாஸின் பாட்டுகள் இடம்பெற்றதும், காந்தியின் ராட்டையைப் போற்றும் பாட்டை ராஜலட்சுமி பாடியதும் தெரிகிறது. மகாகவி காளிதாசனுக்கும் கதர் ராட்டைக்கும் என்ன உறவு? கதையில் ஓர் உறவும் இல்லை. ஆனால் 1931-இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனுக்கு உறவு இருந்தது. உப்புச் சத்தியாகிரகம் நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நாடக மேடையில் புராணத்துக்கு நடுவே தேசியப் பாட்டைக் கேட்டுப் பழகியவன், திரையிலும் அதையே எதிர்பார்த்தான். நாடகம் முடிந்து சினிமா பிறந்தது என்று நாம் பிரித்துச் சொல்கிறோமே, அப்படிப் பிரிக்க முடியாது என்பதை இந்த ஒரு பாட்டே மெய்ப்பிக்கிறது. 1934-இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘பவளக்கொடி’ போன்ற படங்களில் ஐம்பதை ஒட்டிப் பாட்டுகள் இருந்ததற்கும் காரணம் இதுதான். மேடையின் கட்டமைப்பே திரைக்கு இடம்பெயர்ந்து வந்திருந்தது.

இழப்பு நமக்கு மட்டும் நேர்ந்ததா? இல்லை. பணமும் தொழில்நுட்பமும் மிகுந்த அமெரிக்காவிலேயே, மௌனப் படக் காலத்து முழுநீளப் படங்களில் முதல் வடிவத்தில் முழுமையாக மிஞ்சியவை நூற்றுக்குப் பதினான்குதான் என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மிஞ்சியவையும் பல நேரம் தற்செயலாகவே மிஞ்சின. ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1933-இல் திருவனந்தபுரத்தில் வெளியானது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை உரிமை பெறாமல் எடுத்துவிட்டார்கள் என்று நாவலின் பதிப்பகத்தார் வழக்குப் போட்டார்கள். படம் நின்றது, சுருள் பதிப்பகத்தார் கைக்குப் போயிற்று. 1974-இல் புனே காப்பகம் அதை அங்கிருந்து மீட்டது. வெற்றிகரமாக ஓடிய மௌனப் படங்கள் தேய்ந்து அழிந்தன, வழக்கில் மாட்டி முடங்கிய படம் பிழைத்தது! இதைக் கேட்கச் சுவையாக இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் நினைவு வழக்கையும் அதிர்ஷ்டத்தையும் நம்பி இருக்கலாமா? கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாக பூமி’யைப் பாருங்கள். கல்கியின் கதை, 1939-இல் வந்த படம். காங்கிரஸ் அமைச்சரவை இருந்தபோது தணிக்கை தளர்ந்திருந்தது. அமைச்சரவை விலகிய பின் அரசு அந்தப் படத்தைத் தடை செய்தது. அதன் பிரதி பிழைத்திருப்பதால்தான் எந்தக் காட்சிக்கு அரசு அஞ்சியது என்று இன்று நாம் பார்த்துச் சொல்ல முடிகிறது. படமும் இருந்து, தடை ஆணையும் இருந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க ஓர் ஆளும் இருந்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

அடுத்த மறுப்புக்கு வருகிறேன். “பழைய தாள் சேர்ப்பது ரசிகர்களின் பொழுதுபோக்கு. அவர்கள் சொல்வதில் பிழை மிகுதி. அதையெல்லாம் ஆராய்ச்சி என்று கொள்ளலாமா?” என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ரசிகரின் நினைவு அன்பால் நிறம் ஏறியிருக்கும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ரசிகர் இல்லாவிட்டால் ஆராய்ச்சியாளர் எதை ஆராய்வார்? கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, அறிஞர்கள் ஒதுக்கிய சிறு வெளியீடுகளையும் நாடகப் பாட்டுகளையும் நோட்டீசுகளையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பின் அருமை அறிந்து வாங்கியது, சென்னையிலேயே அது நூலகமாயிற்று. பிலிம் நியூஸ் ஆனந்தன் படங்களின் புகைப்படங்களையும் விவரங்களையும் பல பத்தாண்டுகள் திரட்டினார். 1958-இல் வந்த ‘நாடோடி மன்ன’னுக்கு மக்கள் தொடர்பாளராக இருந்தவர் அவர். அவர் திரட்டியதைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவிலும் இப்படித்தான். மைல்ஸ் க்ரூகர் என்பவர் அந்நாட்டு இசை நாடகத்துக்கும் இசைப் படத்துக்கும் என்றே 1972-இல் ஒரு நிறுவனம் தொடங்கி, நிகழ்ச்சி நிரல்களையும் இசைத்தட்டுகளையும் புகைப்படங்களையும் குவித்தார். அத்தோடு நிற்காமல், 1927-இல் அரங்கேறிய ‘ஷோ போட்’ என்ற ஒரே நாடகம் மேடையிலும் திரையிலும் அடைந்த மாற்றங்களைத் தொடர்ந்து சென்று 1977-இல் தனி நூல் எழுதினார். சேர்ப்பவர் விதை நெல் காப்பவர் என்றால், ஆராய்பவர் அதை விதைப்பவர். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் விளைச்சல் இல்லை. ரசிகரின் பிழையைத் திருத்த வழி, அவர் பெட்டியைத் திறந்து கோப்போடும் இதழோடும் ஒப்பிடுவது. பெட்டியைக் குப்பையில் வீசுவது வழியன்று.

இப்படி ஒப்பிட்டுப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கொங்கு நாட்டுக் குரல் ஒன்றைச் சான்றாக வைக்கிறேன். கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள். பக்திப் பாடகி என்றே நமக்குப் பழக்கம். பழனி முருகனைப் பாடிய குரல் என்று உருகுகிறோம். ஆனால் நாடக நோட்டீசுகளையும் இசைத்தட்டுப் பட்டியல்களையும் தேர்தல் காலச் செய்திகளையும் வரிசையாக அடுக்கினால் வேறு ஓர் உருவம் எழுகிறது. எளிய குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே மேடை ஏறினார். எஸ்.ஜி. கிட்டப்பாவோடு இணைந்து நாடக உலகை ஆண்டார். 1933-இல் கிட்டப்பா மறைந்த பின் மேடையிலிருந்து விலகியிருந்தார். பின்னர் 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரசுக்காகத் தேர்தல் மேடைகளில் பாடினார். பிறகு சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். மேடை, இசைத்தட்டு, தேர்தல், திரை, சட்டமன்றம். இந்த வரிசையை நாம் எந்த நடிகர்களோடு சேர்த்து நினைக்கிறோம்? அவர்களுக்கெல்லாம் முன்பே ஒரு பெண் அந்தப் பாதையில் நடந்து முடித்திருந்தார். இந்த உண்மையைச் சொல்ல எந்தப் புதிய கல்வெட்டும் தோண்டி எடுக்கப்பட வேண்டியிருக்கவில்லை. வீட்டுப் பரணில் கிடந்த தாள்களை வரிசைப்படுத்தினால் போதுமாக இருந்தது.

மூன்றாவது மறுப்பை இளைஞர்கள் கேட்பார்கள். “இப்போது எல்லாமே இணையத்தில் இருக்கிறதே, காகிதத்தை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?” இருக்கிறது, உண்மைதான். பலருக்கு அது பெரிய கொடை. ஆனால் அங்கே இருப்பது யாரோ ஒருவர் முன்பே காத்து வைத்ததன் நகல். காக்கப்படாதது அங்கேயும் இல்லை. காளிதாஸைத் தேடிப் பாருங்கள், படம் வராது. இருப்பதற்கும் பிறப்புச் சான்று இல்லை. பாட்டை எழுதியவர் பெயர் மாறியிருக்கும், ஆண்டு தவறியிருக்கும், காட்சி வெட்டப்பட்டிருக்கும், கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசியிருப்பார்கள். எது மூலம், எது ஒட்டு என்று எப்படிச் சொல்வீர்கள்? பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் சொல்லலாம். இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டைப் படித்தால் சொல்லலாம். மூலம் கையில் இருக்கும்வரைதான் நகலைத் திருத்த முடியும். மூலத்தை எறிந்துவிட்டால், நாளை நகல் சொல்வதே உண்மை என்று ஆகிவிடும்.

கடைசி மறுப்பு இரண்டு முகம் கொண்டது. ஒரு பக்கத்தார், “கோயில் கல்வெட்டும் ஓலைச்சுவடியும் சிதைந்து கிடக்கும்போது சினிமா நோட்டீசுக்குப் பணம் செலவிடுவதா?” என்பார்கள். கல்வெட்டைக் காக்க வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கல்வெட்டில் பேசுகிறவர் பெரும்பாலும் கொடுத்தவர், அரசர், அதிகாரி. நாடக நோட்டீசில் பேசுகிறவர் உழைத்துப் பிழைத்த கலைஞர். இரண்டாயிரம் ஆண்டுக் கல்லைக் காக்கும் நாம் எண்பது ஆண்டுத் தாளைத் தொலைத்தால், நம் பேரப்பிள்ளைகளுக்குச் சோழர் காலம் தெரியும், தாத்தா காலம் தெரியாது. மறுபக்கத்தார், “பழைய நாடகத்தில் சாதி இழிவும் பெண்ணை ஏசும் பேச்சும் நிறைய உண்டே, அதைக் காப்பது சரியா?” என்பார்கள். காப்பது வேறு, போற்றுவது வேறு. சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி ஆராய்ந்து, 2005-இல் ஒரு நூல் வெளியிட்டார். மேடையில் கைதட்டு வாங்கும் பெண், மேடைக்கு வெளியே எத்தனை பழிச்சொல்லைச் சுமக்கிறாள் என்பதை அவர் விரிவாகக் காட்டினார். நாடக நோட்டீசுகளில் அச்சான கலைஞர் படங்களைக் கூட அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். ஏச்சை அழித்துவிட்டால், ஏச்சுக்கு ஆளானவரின் வழக்கும் சேர்ந்து அழிந்துபோகும். அநீதி நடந்ததற்கான சான்றை யார் அழிக்க விரும்புவார்? நிச்சயமாக அநீதிக்கு ஆளானவர் விரும்ப மாட்டார்.

ஆகவே, பெருமக்களே, வாதத்தைத் தொகுத்துச் சொல்கிறேன். நாடகப் பாட்டும் சினிமாவும் நம் அரசியல் வரலாற்றின் முதல்தரச் சான்றுகள். அதற்கு விஸ்வநாத தாஸின் சிறைவாசமும், காளிதாஸின் ராட்டைப் பாட்டும், தியாக பூமியின் தடையும் சாட்சி. அந்தச் சான்றுகள் படச்சுருளில் பெரும்பாலும் அழிந்தன, தாளிலும் தட்டிலும் ஓரளவு மிஞ்சின. மிஞ்சியதைக் காத்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்கள். ஒரு முன்சீப், ஒரு பெயர்ப்பலகை ஓவியர், ஓர் அஞ்சல் அதிகாரி. இது அவர்களுக்குப் பெருமை. நமக்கு எச்சரிக்கை. ஏனென்றால் தனி மனிதர் ஆர்வம் அவரோடு முடிந்துபோகும். அவருக்குப் பின் அந்தப் பெட்டிகள் எடைக்குப் போகாமல் இருக்க ஒரு நிலையான இடம் வேண்டும்.

அந்த இடம் சென்னையில் மட்டும் இருந்தால் போதாது. திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ஏனென்றால் இங்கே கிடைக்கும் சான்று இங்கேதான் கிடைக்கும். பழனித் திருவிழாவை நம்பி வந்த நாடகக் கம்பெனிகளின் நோட்டீசு, நத்தத்திலும் ஒட்டன்சத்திரத்திலும் நாடகம் ஆடிய கலைஞர்களின் கையெழுத்துப் பாடங்கள், டூரிங் கொட்டகைக் கணக்குப் புத்தகம், கொட்டகை வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகம், தாத்தா வைத்திருந்த இசைத்தட்டு ஆகியவற்றைச் சென்னையிலிருந்து யாரும் தேடி வரப்போவதில்லை. நம் கல்லூரி நூலகங்களில் ஒன்று ஓர் அறையை ஒதுக்கட்டும். கொடுத்தவர் பெயர், ஊர், கிடைத்த நாள் ஆகியவற்றை எழுதிப் பதிவு செய்யட்டும், நகல் எடுத்துக்கொண்டு மூலத்தையும் பத்திரமாக வைக்கட்டும். வரலாற்று மாணவர்கள் ஆளுக்கு ஒரு முதிய நாடகக் கலைஞரிடம் போய்ப் பேட்டி எடுத்துக் குரலைப் பதிவு செய்யட்டும். அந்தக் கலைஞர்கள் காத்திருக்கப் போவதில்லை, காலமும் காத்திருக்கப் போவதில்லை. பாஸ்கரன் பேட்டி கண்ட தலைமுறை முழுதும் மறைந்துவிட்டது. அவர் அன்று கேட்கப் போயிருக்காவிட்டால், அந்தத் தலைமுறை சொன்னது எதுவும் இன்று நமக்குத் தெரிந்திராது. அடுத்த தலைமுறைக் கலைஞர்களிடம் கேட்கும் பொறுப்பு இந்த மாவட்டத்து இளைஞர்களுடையது. அதை இந்த ஆண்டே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.